சின்னக்கண்ணுக்கு வந்த கோடி

அத்தாயி மலைமேல அரியூர் நாட்டுக்காரி, எம் பக்கத்து ஊட்டுக்காரி. புருசன் போனப்புறம் தனியாத் தெனைக்காடு வெட்டி, ஒத்த மக சின்னக்கண்ணை வளத்தவ.

சப்பான் சண்டை நடந்த வருசம் மலைக்காய்ச்சல் ஊடு தவறாம வந்துச்சு. மாத்திரை குடுக்கற சர்க்கார் கம்பவுண்டரு மூணு மாசமா மலையேறலை. கொயினா மாத்திரையெல்லாம் பட்டாளத்துக்குப் போகுதாம். அப்ப நாங்க மனுசங்க இல்லியா? சின்னக்கண்ணு படுத்த ஏழாம் நாள், அத்தாயியோட அண்ணன் சென்றாயன் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு எறங்கினான். புதன்கிழமை மருந்து வரும், இருன்னுட்டாங்க.

அந்த நேரத்துல, வெள்ளைக்காரனை வெரட்டறோம்னு துப்பாக்கியோட காட்டுல திரிஞ்ச கூட்டத்துல ரெண்டு பேரு அத்தாயி ஊட்டுக்கு வந்தாங்க. அதுல அர்த்தனாரிங்கறவன் அவங்களுக்கு நோட்டீசு எழுதறவன். பதமாப் பேசி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டான். மருந்து கொண்டாந்து தருவான்னு நம்பி இவ களி கிண்டிப் போட்டா.

அந்தப் பாவி என்ன எழுதினான் தெரியுமா? மருந்தில்லாம அத்தாயி மக சின்னக்கண்ணு செத்துப்போச்சுன்னு எழுதிட்டான். உசுரோட இருக்கற புள்ளையை! காய்ச்சல்னு போட்டா எவன் படிப்பான், சாவுன்னாத்தான் சனம் கொதிக்கும்னு நெனப்பு.

அடிவாரத்துச் செவ்வாய்ச் சந்தையில ஒருத்தன் அந்த நோட்டீசைச் சத்தமாப் படிக்க, சென்றாயன் காதுல விழுந்துச்சு. தாய்மாமன் கோடித்துணி போத்தாம நாங்க பொணத்தை எடுக்க மாட்டோம். மருமக பொணம் காத்துக் கெடக்குமேன்னு, மருந்தை மறந்து கோடி வாங்கிக்கிட்டு அழுதுக்கிட்டே மலையேறினான்.

புதன்கிழமை காலையில வந்து பாத்தா, புள்ளை கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்குது.

"மாமா, புதுத்துணி எனக்குங்களா?"

துணியைப் போட்டுட்டு மறுபடி எறங்கி ஓடினான். அவன் போறதுக்குள்ள ஆஸ்பத்திரியைச் சாத்திட்டாங்க. மறுநாள் கெஞ்சி வாங்கிக்கிட்டு வெள்ளிக்கிழமை வந்து சேந்தான். காய்ச்சல் மறுபடி ஏறி, புள்ளை வியாழக்கிழமையே போயிருச்சு. அதே கோடியைத்தான் போத்தினான்.

பத்து நாள் கழிச்சு அர்த்தனாரி வந்தான். நாங்க எழுதுனது நெசமாயிருச்சு பாத்தீங்களா அக்கான்னு அத்தாயிகிட்டச் சொன்னான். எனக்கு அருவாளைத் தூக்கலாம்னு வந்துச்சு. அத்தாயி, சென்றாயன் வாங்கியாந்த மாத்திரைப் பொட்டலத்தைக் கொண்டாந்து அவன் கையில வெச்சா.

"கம்பவுண்டரு வராததை எழுதுனீங்க, சரிங்க. எம்புள்ளை செத்துப்போச்சுன்னு நீங்க சொன்னதால இந்த மருந்து ஒரு நாள் பிந்திருச்சு. அதையும் எழுதுங்க."

அடுத்த நோட்டீசும் வந்துச்சு. சின்னக்கண்ணு பேரைப் பெருசாப் போட்டிருந்தாங்களாம். பொட்டலத்தைப் பத்தி ஒரு எழுத்து இல்லை.