கைலி ஒட்டிய கிட்டார்

போன திங்கட்கிழமை காலை என் கிட்டாரின் கழுத்தை என் வீட்டுக்காரர் உடைத்துவிட்டார்.

வேண்டுமென்று இல்லை. பரணில் எதையோ தேடுவதற்காக அலுமினிய ஏணியைத் தூக்கிக்கொண்டு ஹாலில் திரும்பினார். ஏணி தூக்குகிறவர்கள் அதன் பின்பக்கம் எங்கே போகிறது என்று என்றைக்குப் பார்த்திருக்கிறார்கள்? சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கிட்டார் குப்புற விழுந்தது. நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தால்... கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தில் நீளமான விரிசல். ஒரு பக்கம் மரம் வாய் பிளந்து நிற்கிறது.

"இத சுவத்துலயா சாச்சி வைப்பாங்க?" என்றார். அவர் சொன்ன முதல் வார்த்தையே அதுதான்.

என் கிட்டார் கதை உங்களில் பல பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக ஒரு பாரா. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் ஃபைல் தள்ளிக்கொண்டிருக்கும் நான், ஐம்பத்திரண்டு வயதில் கிட்டார் கற்றுக்கொள்ளக் கிளம்பினேன். கருவடிக்குப்பத்தில் ஜொஸ்லின் என்ற பெண்ணிடம் வகுப்பு. அவளுக்கு வயது இருபத்தாறு. நான் அவளை 'மிஸ்' என்பேன், அவள் என்னை 'ஆன்ட்டி' என்பாள். என்னோடு படிக்கிற மற்ற எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

வருஷத்துக்கு ஒருமுறை மாணவர்கள் மேடையேறி வாசித்துக் காட்ட வேண்டும். மிஸ் வீட்டில் பிரெஞ்சு புழங்கும் என்பதால் அதற்கு 'சுவாரே' என்று பெயர். நம் பாஷையில் ஆண்டு விழா. இந்த வருஷம் அது அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பள்ளி நாளில்கூட நான் மேடை ஏறியதில்லை. அடுத்தவர்களுக்குக் கைதட்டியே ஐம்பது வருஷம் போயிருக்கிறது. இந்த ஒரு சாயங்காலத்துக்காக ஐந்து மாதம் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து, விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. ஆறே நாள் இருக்கும்போது கழுத்து போய்விட்டது.

"கடையில குடுத்துரலாங்க" என்றேன்.

"கடையா? இன்னாத்துக்கு? மரம்தானே. நான் பாத்துக்குறேன்."

இந்த 'நான் பாத்துக்குறேன்' உங்கள் வீட்டிலும் உண்டா? இவர் மின்துறையில் இன்ஜினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் எங்கள் கேட்டுக்குள் ஒரு மெக்கானிக் காலடி வைத்ததில்லை. அதன் பலன்? எங்கள் மிக்ஸி, மூடியை இடது கையால் அமுக்கிப் பிடித்தால்தான் ஓடும். குளியலறை விளக்கைப் போட்டால் வாசல் மணி அடிக்கும். புதிதாக வருகிற விருந்தாளிகள் இன்னமும் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறார்கள். எல்லாம் இவர் 'பார்த்துக்கொண்ட' சாமான்கள்.

திங்கள் சாயங்காலமே சூப்பர் க்ளூ வாங்கி வந்தார். விரிசலுக்குள் ஊற்றினார். கையால் பிடித்து அமுக்கினார். "ரெண்டே நிமிஷம்" என்றார். நிஜமாகவே ரெண்டு நிமிஷத்தில் ஒட்டிக்கொண்டது... அவருடைய ஆள்காட்டி விரலும் சேர்ந்து.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் விட்டு வந்து டியூன் பண்ண உட்கார்ந்தேன். ஆறு கம்பி சேர்ந்து இழுக்கிற இழுப்பு லேசுப்பட்டதல்ல. நாலாவது கம்பியை முறுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். பழையபடி வாய் பிளந்துவிட்டது.

"நீ ரொம்ப முறுக்கிட்ட" என்றார்.

கிட்டாரை முறுக்காமல் எதை முறுக்குவது, தேன்குழலையா?

புதன்கிழமை நான் லீவு போட்டு, இவரை வண்டியில் ஏற்றி, மடியில் கிட்டாரையும் கொடுத்து, உப்பளம் ஏரியாவில் மர வேலை செய்கிற காதர் பாயிடம் அழைத்துப் போனேன். பாய் விரிசலைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இன்னா சார், இந்தப் பசையப் போட்டு கெடுத்து வச்சிருக்கீங்க. இத மொத்தமும் சொரண்டி எடுக்கணும். கம்பியெல்லாம் லூஸ் பண்ணிட்டு, மரப்பசை விட்டு, இறுக்கிப் புடிக்க கிளாம்ப் போட்டு ரெண்டு நாளு தொடாம வச்சிரணும். வச்சிட்டுப் போங்க, நான் பண்ணித் தரேன்."

எனக்கு உயிர் வந்தது. ஒரு நிமிஷம்தான்.

"வேணாம் பாய். கிளாம்ப் மட்டும் ரெண்டு குடுங்க. சனிக்கிழம தந்துர்றேன்" என்றார் இவர்.

பாய் என்னைப் பார்த்தார். "நீங்களாச்சும் சொல்லுங்கம்மா."

"நான் சொல்லி எது பாய் நடந்திருக்குது?" என்றேன்.

வேலை எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தது. கம்பிகளைத் தளர்த்தினார். ஷேவிங் பிளேடால் பழைய பசையைச் சுரண்டினார். ஊசி போடுகிற சிரிஞ்சில் மரப்பசையை ஏற்றி, விரிசலின் அடி வரைக்கும் விட்டார். நியாயமாகச் சொன்னால் அதுவரை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கிளாம்பின் இரும்பு மரத்தைக் கடித்துவிடக் கூடாதே என்று, தன் பழைய நீலக் கட்டம் போட்ட கைலியைக் கிழித்து, நாலாக மடித்து, கழுத்துக்குப் பின்னால் கொடுத்து இறுக்கினார். மேலே ஒரு அட்டையில் 'தொடாதே' என்று எழுதி மாட்டினார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அட்டை யாருக்கு?

இரண்டு நாளும் சாப்பாடு தரையில். என் முழங்காலைக் கேட்டால் தெரியும். டேபிள் ஃபேன் கிட்டாருக்கு ஓடியது, எங்களுக்கு வேர்த்துக் கொட்டியது. அரை மணிக்கு ஒருதரம் அவரே போய்த் தட்டிப் பார்ப்பார்.

"காஞ்சிருக்கும்ன்ற?"

"நீங்க தொட்டுகினே இருந்தா எப்பிடிக் காயும்?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளாம்பைக் கழற்றினார். கழுத்து நேராக, உறுதியாக நின்றது. கைலியும் நின்றது. பிதுங்கி வழிந்த பசை, துணியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் வைக்க வேண்டும் என்று இன்ஜினியருக்குத் தோன்றவில்லை. இழுத்தார், பிளேடால் சீவினார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது, மூன்று விரல் அகலமாகக் குறைந்தது. அதற்கு மேல் வரவில்லை. சரியாக என் இடது கட்டைவிரல் பதிகிற இடத்தில், நீலக் கட்டம்.

நான் கத்திவிட்டேன். "இந்த வீட்டுல ஒரு பொருளையாச்சும் முழுசா வுடுவீங்களா? அஞ்சு மாசமா ஒரே ஒரு பாட்ட வச்சிகினு உசிரக் குடுத்துட்டு இருக்கேன். அதுவும் பொறுக்கலயா உங்களுக்கு?"

அவர் பிளேடையும் உப்புத்தாளையும் எடுத்து வைத்தார். 'நான் பாத்துக்குறேன்' என்றுகூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை கடைசிப் பயிற்சி. மிஸ் கிட்டாரை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது இன்னா டிசைன்?"

"அங்கிளோட கைலி மிஸ்."

சிரித்து முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் டியூன் பண்ணி, வாசித்துப் பார்த்தாள். "சத்தம் நல்லாத்தான் இருக்குது. ஆனா மேடையில வச்சி புட்டுகிச்சின்னா ஒண்ணும் பண்ண முடியாது. நாளைக்கு என்னோடத எடுத்துக்கங்க" என்றாள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டிலும் சொன்னேன். இவர் 'உம்' கொட்டினார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நான் புடவை கட்டிக்கொண்டு கிளம்பும்போது அவர் கிட்டார் பக்கத்தில் நின்றிருந்தார்.

"மிஸ்ஸு குடுக்குறதையே வாசி சுகுணா. அது நல்ல கிட்டாரு. இது வேணாம்" என்றார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கைலி ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். மேடையில் ஒட்டு விட்டுவிட்டால் இவள் முகம் என்ன ஆகும் என்று அவர் பயந்துபோயிருந்தார். தான் ரிப்பேர் செய்த சாமானை 'வேணாம்' என்று இந்த மனுஷன் சொல்லி நான் கேட்டதே இல்லை. 'மன்னிச்சிக்க' என்று சொல்லியும் கேட்டதில்லை. நம் வீட்டு ஆண்கள் பல பேருக்கு அந்த வார்த்தை வாயில் வருவதில்லை... ஸ்க்ரூ டிரைவரும் பசையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நாம்தான் புரிந்துகொள்ள வேண்டுமாம்.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அப்படியேதான் இருந்தது. ஆனாலும் கைலி ஒட்டிய கிட்டாரைத்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

முன் வரிசையில், பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு நடுவே இவர் உட்கார்ந்தார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறி உட்கார்ந்தேன். கட்டைவிரலுக்கடியில் கைலி சொரசொரவென்று இருந்தது. இரண்டாவது சரணத்தில் ஒரு இடம் தப்பாகப் போனது, நின்று, மறுபடி பிடித்தேன். ஆனால் கடைசி வரை வாசித்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வருஷத்தில் முதல்தடவையாகக் கைதட்டல் எனக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் 'ஆன்ட்டி, ஆன்ட்டி' என்று கத்தினார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

யார் யாரோ வந்து நல்லா இருந்தது என்றார்கள். இவர் மட்டும் வாயே திறக்கவில்லை. திரும்பி வரும்போது சிக்னலில் வண்டி நின்றது. பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"எப்பிடிங்க இருந்திச்சி?"

"தாங்கிடிச்சி" என்றார். "கடைசி வரைக்கும் ஒரு மயிரிழ அசையல."

"அதில்லங்க. பாட்டு."

"பாட்டா? அத எங்க நான் கேட்டேன்? கழுத்தையே பாத்துகினு இருந்தேன்."

அடுத்த வருஷம் இவரைக் கண்ணைக் கட்டித்தான் உட்கார வைக்கப்போகிறேன்.