என் கதாநாயகி வெல்லம் கேட்டாள்

எழுபதுகளின் ஆரம்பத்தில் ஒரு ஆனி மாதம். பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் சன்னதித் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. எனக்கு இருபது வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணி, வேலையும் கிடைக்காமல் மாப்பிள்ளையும் கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். சும்மா இருந்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நான் எழுத்தாளராக இருந்தேன்.

சிரிக்காதீர்கள். நாலு சிநேகிதிகள் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மாதம் ஒரு இதழ், இதழுக்கு ஒரே ஒரு பிரதி. ஒருத்திக்கு எழுத்து முத்து முத்தாக வரும், அவள் எழுதுவாள். இன்னொருத்தி படம் போடுவாள். ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டு, முதல் வீட்டில் கொடுத்துவிடுவோம். அவர்கள் படித்துவிட்டு அடுத்த வீட்டுக்குத் தர வேண்டும். இப்படி நாலு தெரு சுற்றி மாதக் கடைசியில் திரும்பி வரும்போது அதில் எண்ணெய்க் கறை, சாம்பார்க் கறை, குழந்தை கிழித்த மூலை எல்லாம் இருக்கும். கடைசி நாலு பக்கங்களை 'வாசகர் கருத்து' என்று தலைப்பிட்டு வெறுமையாக விட்டிருப்போம். படித்தவர்கள் அதில் எழுதலாம். பத்திரிகை கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.

தொடர்கதை என் பொறுப்பு. அந்தக் காலத் தொடர்கதைகளில் இளம் கதாநாயகிக்கு ஒரு வியாதி வந்தே தீரும். இருமுவாள், கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்ப்பாள், ஜன்னலோரம் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்ப்பாள், கடைசி அத்தியாயத்தில் காதலன் மடியில் கண்ணை மூடுவாள். காசநோயை எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். ரத்தப் புற்றுநோயும் பழசாகிவிட்டது. எனக்குப் புதுசாக ஒன்று தேவைப்பட்டது. அப்போதுதான் காதில் விழுந்தது: எங்களுக்கு மூன்றாவது தெருவில் ஒரு நெசவுக்காரர் வீட்டில் பதினைந்து வயசுப் பெண்ணுக்குச் சர்க்கரை வியாதியாம், தினமும் ஊசியாம், மாசம் ஒரு தடவை மெட்ராஸுக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்களாம்.

எனக்குப் பரிதாபம் வந்ததா என்றால், இல்லை. கதை வந்தது. அந்தப் பெண்ணைப் போய்ப் பார்க்க வேண்டும், ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கற்பனை இருக்கும்போது கேட்பானேன்?

முதல் அத்தியாயத்தில் என் கதாநாயகி லட்டுகளைத் திருடித் தின்று வியாதியை வரவழைத்துக்கொண்டாள். இரண்டாவதில் மெலிந்தாள். மூன்றாவது அத்தியாயம்தான் உச்சக்கட்டம். அவள் மயங்கிச் சரிகிறாள். விவரம் தெரியாத வேலைக்காரி சர்க்கரைத் தண்ணீர் கலந்து ஓடி வருகிறாள். கதாநாயகன் பாய்ந்து வந்து டம்ளரைத் தட்டிவிடுகிறான். "பாவி! இவளுக்குச் சர்க்கரை விஷமடி!" என்று கத்துகிறான். எழுதிவிட்டு நானே அழுதேன்.

நாலு தெருவும் அழுதது. காய்கறி வாங்கப் போனால், "ஏம்மா, அந்தப் பொண்ணு பொழைக்குமா?" என்று கேட்டு என் பைக்குள் கூடுதலாக இரண்டு கத்தரிக்காயைப் போட்டார்கள். தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

அந்த மாதம் பத்திரிகை ஒரு சாயங்காலம் திரும்பி வந்தது. கருத்துப் பக்கத்தைப் புரட்டினேன். 'கண்ணீர் வந்தது.' 'தலையணை நனைந்தது.' 'சர்க்கரை விஷம் என்று தெரிந்துகொண்டோம், நன்றி.' எல்லாவற்றுக்கும் கீழே, பென்சிலில், கோணல் கோணலாக: 'இந்தக் கதையில எல்லாமே தப்பு. ஊசி போட்டுக்கிறவங்களுக்கு மயக்கம் வந்தா இனிப்புதான் குடுக்கணும். டம்ளரைத் தட்டிவிட்டவன்தான் கொலைகாரன்.'

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! யார் எழுதியிருப்பார்கள் என்று யோசிக்கவே வேண்டாம். மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்றாவது தெருவுக்குச் சண்டைக்குப் போனேன்.

அங்கே தெரு நடுவில் பாவு போட்டுக்கொண்டிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, சிக்கெடுத்து, அறுந்த இழைகளைப் பிணைப்பார்கள். கை வைத்துவிட்டால் நடுவில் விட்டுவிட்டுப் போக முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து கை கொடுப்பார்கள். அந்தப் பெண்ணும் நின்றிருந்தாள். நான் கற்பனை செய்த வெள்ளைச் சேலையும் இல்லை, சோகமும் இல்லை. கறுப்பாக, துறுதுறுவென்று, எண்ணெய் வழியும் ரெட்டைப் பின்னலோடு, பச்சைத் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு இழை பிணைத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவும் அம்மாவும் ஒரு சாவுக்காக விடிகாலை பஸ்ஸில் வாலாஜாபாத் போயிருந்தார்களாம். பக்கத்து வீட்டு அம்மாவின் பொறுப்பில் விட்டிருந்தார்கள். பாவும் அந்த அம்மா வீட்டுப் பாவுதான்.

"நீதானே பென்சில்ல எழுதினது?" என்றேன்.

அவள் தலையைத் தூக்கவேயில்லை. "நீங்கதான பேனாவுல எழுதினது?"

பக்கத்தில் இருந்தவர்கள் களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. கதை என்றால் அப்படித்தான் இருக்கும், உனக்கென்ன தெரியும் என்று ஆரம்பித்தேன். அவள் இழையை விடாமலே பதில் சொன்னாள். "தெனம் குத்திக்கினு இருக்கிறவ நானு, எனக்குத் தெரியாதா? லட்டு தின்னு வந்துச்சுன்னு எழுதிக்கிறீங்களே, லட்டுக்கு நான் எங்கக்கா போவேன்? எங்க வீட்ல கூழும் வெங்காயமும்தான். ஊசி போட்டுக்கினு சாப்பிடாம வுட்டா சர்க்கரை ஒரேயடியா எறங்கிடும். அப்ப இனிப்பு வாயில போடலன்னா ஆளு காலி. டாக்டரு சொல்லிக் குடுத்துக்கிறாரு."

நானும் விடவில்லை. அவளும் விடவில்லை. பேசப் பேச அவள் முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. ஆனி மாசத்து வெயில் என்று நினைத்தேன். திடீரென்று என்னை உற்றுப் பார்த்து, "உனக்கு ஏன்க்கா ரெண்டு மூக்கு?" என்றாள். காரணமே இல்லாமல் சிரித்தாள். என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று எனக்கு இன்னும் எரிச்சல். அவள் விரல் நடுங்கி இரண்டு இழை அறுந்தது. "ஏ, இன்னாடீ பண்ற? பாவு பாழாப் போவுது!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். அவள் பொத்தென்று தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்தவள் தாவணி முந்தானையில் இருந்த ஒரு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். விரல்கள் வழுக்கின. ஒருவழியாக அவிழ்ந்தது. உள்ளே ஒரு வெல்லக்கட்டி. வாய்க்குக் கொண்டுபோனாள்.

"அடி பாவி, வெல்லமா திங்கற? செத்துப் பூடுவடீ!" பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்து அவள் கையில் ஓங்கி ஒரு அடி. வெல்லக்கட்டி உருண்டு பாவுக்கு அடியில் போய் விழுந்தது.

"நல்ல வேளை! கதையில அந்தக் கதாநாயகன் டம்ளரைத் தட்டிவுட்டானே, அதுமாரியே தட்டிவுட்டீங்க" என்றது ஒரு குரல். இன்னொரு குரல், "எழுதினவங்களே இங்கதான நிக்கிறாங்க. நீ சொல்லும்மா, குடுக்கக் கூடாதில்ல?" என்றது.

தெருவே என்னைப் பார்த்தது. டாக்டரைப் பார்ப்பதுபோல் பார்த்தது. கீழே அந்தப் பெண் கண்கள் செருக, என் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, "அக்கா... வெல்லம்..." என்றாள்.

வெட்கத்தை விட்டு உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிஷத்திலும் எனக்கு முதலில் வந்த நினைப்பு, கதை தப்பு என்று சொன்னால் என் மானம் போகும் என்பதுதான். அடுத்து வந்தது பயம். வெல்லத்தைக் கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால்? நான்தானே கொன்றதாக ஆகும்? கொடுக்காமல் விட்டால்? எது சரி என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. அங்கே நின்ற இருபது பேரில் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் என் காலடியில் கிடந்து வெல்லம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது!" என்று கத்தினேன். "நான் சும்மா எழுதினேன்! கதைங்க அது, வெறும் கதை! அவ சொல்றதுதான் நெஜம்!"

பத்திரிகையைப் போட்டுவிட்டு மண்டியிட்டுப் பாவுக்கு அடியில் நுழைந்தேன். என் கொண்டை இழையில் மாட்டி, "ஐயோ, பாவு! பாவு!" என்று ஒருவர் அலறினார். வெல்லக்கட்டியைப் பொறுக்கி, புடவையில் துடைத்து, கொஞ்சம் கடித்து எடுத்து அவள் கன்னத்துக்குள் அடக்கினேன். பக்கத்து வீட்டு அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "கொன்னுடாதம்மா, பெத்தவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?" நான் அவர் கையை உதறினேன். ஏகாம்பரநாதரையும் காமாட்சியையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன். அவள் தாடை அசைந்தது. சப்பினாள். இன்னொரு துண்டு கொடுத்தேன். அப்புறம் இன்னொன்று.

பத்து நிமிஷம் இருக்கும். என் வாழ்க்கையிலேயே நீளமான பத்து நிமிஷம். வேர்வை அடங்கியது. கண் திறந்தாள். சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாள்:

"மண்ணு நறநறங்குதுக்கா."

நான் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை, இரண்டையும் சேர்த்துச் செய்தேன். பக்கத்து வீட்டு அம்மா உள்ளே ஓடிப்போய்ப் பழைய சோறும் மோரும் கொண்டுவந்தார். ஆறு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டாளாம். அரை மணியில் சாப்பிட வேண்டியவளை, "ரெண்டு இழைதான், கட்டிட்டுப் போ" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு இழை இரண்டு மணி நேரமாகிவிட்டது. அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நானே கொன்னிருப்பேனே!"

"நீங்க இல்ல அத்தை, நான்தான்" என்றேன்.

அச்சுப் பத்திரிகையாக இருந்தால் அடுத்த இதழில் ஒரு மூலையில் 'திருத்தம்' போட்டுத் தப்பித்திருக்கலாம். எங்களுடையது ஒரே பிரதி. அதே பிரதியை எடுத்துக்கொண்டு, படித்த வீடு ஒவ்வொன்றுக்கும் போய், மூன்றாவது அத்தியாயம் முழுக்கத் தப்பு, ஊசி போடுகிறவர்கள் மயங்கினால் இனிப்புதான் கொடுக்க வேண்டும் என்று வாயால் சொன்னேன். பெரும்பாலான வீடுகளில், "அப்ப அவ சாவ மாட்டாளா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார்கள். கத்தரிக்காய் கொசுறு அன்றோடு நின்றது.

அப்புறம் பத்து நாள் அந்தப் பெண்ணின் வீட்டிலேயே பழி கிடந்தேன். மருந்துப் புட்டியை ஈர மணல் நிரப்பிய பானையில் வைத்திருந்தார்கள். கண்ணாடி ஊசியை அவளே வெந்நீரில் கொதிக்கவைத்து, அவளே குத்திக்கொள்வாள். நான் கண்ணை மூடிக்கொள்வேன், அவள் சிரிப்பாள். சிறுநீரில் சர்க்கரை பார்க்க ஒரு நீல மருந்து. சேர்த்துக் காய்ச்சினால் நிறம் மாறும். அதற்கு அந்த வீட்டில் பட்டுச் சேலை நிறங்களைத்தான் பேராக வைத்திருந்தார்கள். நீலமாகவே இருந்தால் நல்லது. கிளிப்பச்சை பரவாயில்லை. மாம்பழ மஞ்சள் வந்தால் அம்மா முறைப்பார். அரக்குச் சிவப்பு வந்தால் சர்க்கரை எக்கச்சக்கம், அன்றைக்கு வீட்டில் கச்சேரி. ஒருநாள் சேலை எடுக்க வந்த வியாபாரி, உள்ளே, "இன்னைக்கு அரக்கும்மா!" என்று இவள் கத்தியதைக் கேட்டு, "அந்த அரக்கைத்தான் கொஞ்சம் எடுத்துக் காட்டுங்களேன்" என்றாராம். அவள் அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து வர முடியாமல் சிரித்தாராம்.

கதைகளில் வியாதி வந்த பெண்ணுக்குப் பசிப்பதே இல்லை, தலை அரிப்பதே இல்லை, யார்மீதும் கோபம் வருவதே இல்லை. இவளுக்கு எல்லாம் வந்தது. தம்பியோடு அடிதடி போடுவாள். அளந்து வைத்த சோற்றைப் பார்த்துத் திட்டுவாள். ஒருநாள் மட்டும், "நெஜமாவே செத்துப் பூடுவேனாக்கா? உன் கதையப் படிச்சப்ப ராத்திரி ரொம்ப பயமா இருந்துச்சு" என்றாள். நாலு தெரு அழுததை எண்ணிக்கொண்டிருந்த நான், இவள் ஒருத்தி பயந்துகொண்டு படுத்திருப்பாள் என்று நினைத்தே பார்க்கவில்லை.

நாலாவது அத்தியாயத்தை அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். கதாநாயகி எழுந்து உட்கார்ந்து, டம்ளரைத் தட்டிவிட்ட கதாநாயகனை வீட்டைவிட்டே துரத்தினாள். பிறகு மூன்று இட்லி சாப்பிட்டாள். நாலாவது கேட்டதற்கு அம்மாவிடம் திட்டு வாங்கினாள். கருத்துப் பக்கத்தில், 'கதை சப்பென்று போய்விட்டது' என்று இரண்டு பேர் எழுதினார்கள். அதற்குக் கீழே பென்சிலில், 'இப்பதான் சரி' என்று இருந்தது.

அவள் வளர்ந்து, கல்யாணமாகி, தறியும் நெய்து, இன்றைக்கும் தினம் ஊசி போட்டுக்கொண்டு என்னோடு போனில் சண்டை போடுகிறாள். நான் பிற்பாடு அச்சிலும் கொஞ்சம் எழுதினேன், நாலு பேர் பாராட்டவும் செய்தார்கள். ஆனால் அன்று நடுத்தெருவில் மண்டியிடுவதற்கு முன்னால் கத்தினேனே, "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று, அதைவிட உருப்படியான ஒரு வரியை நான் இதுவரை எழுதவில்லை என்றுதான் நினைக்கிறேன்.