றெஜினாவின் மொட்டை ஸ்கீ

பனி என்றால் எனக்கு எவ்வளவு 'விருப்பம்' என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். சூரிச்சுக்குப் பக்கத்தில் டீட்டிகோன் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்கிற தூரத்துக்குள்ளேயே பனியை வாய் நிறையத் திட்டி முடிப்பவள் நான். அப்படிப்பட்ட என்னைப் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மலை உச்சியில் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இரவல் சப்பாத்து. இரவல் தொப்பி. மூக்கு இன்னும் முகத்தில்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டிய குளிர். சுற்றிவர, கால்சட்டை எந்த நிமிடமும் கழன்று விழுந்துவிடும் போல் உடுத்திக்கொண்டு நிற்கும் இளசுகள். நடுவில் நான்... ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கால்சட்டையோடு.

எல்லாம் றெஜினாவால் வந்தது.

றெஜினா எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருப்பவள். முப்பது வயது இருக்கும். ஓர்லிகோனில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை. துப்புரவுக்கென்றுதான் போனாள். இப்போது கடையின் பின்பக்கத்துப் பட்டறையில் நிற்கிறாள். பனியில் வழுக்கிப் போகக் காலில் பூட்டுகிற ஸ்கீப் பலகைகளுக்கு மெழுகு பூசுவாள், விளிம்பு தீட்டுவாள். ஸ்கீயின் அடியில் இரண்டு பக்கமும் இரும்பு விளிம்பு ஓடுகிறது என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது கூராக இருந்தால்தான் இறுகிய பனியில் பிடிக்குமாம். இல்லாவிட்டால் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடுமாம்.

கடையில் வேலை செய்யும் பெண்களோடு போய் ஸ்கீ பழகினாள். சரி, பனி நாட்டில் வாழ்கிறோம், பழகட்டும். ஆனால் நம்முடைய ஆளுக்கு மலையால் சும்மா இறங்குவது போதவில்லை. 'பார்க்' என்று மலையில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பனியில் மேடு கட்டி, படிக்கட்டுக் கைப்பிடி மாதிரி நீளமான இரும்புக் குழாய்களை நட்டு வைத்திருக்கிறார்கள். வேகமாக வந்து பாய்ந்து அந்தக் குழாயில் ஏற வேண்டும். ஸ்கீயைக் குறுக்கே வைத்து, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போய் மற்றப் பக்கம் குதிக்க வேண்டும். ஏன்? அதைத்தான் நானும் கேட்டேன்.

"அந்த நேரம் தலைக்குள்ளை ஒரு சத்தமும் இல்லை அக்கா," என்றாள்.

பெர்மிட், வாடகை, ஊருக்குப் போன் என்று ஓடுகிற எங்களில் எத்தனை பேருக்கு அந்த வசதி கிடைக்கிறது?

போன குளிர்காலம் அதே குழாயில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அன்றோடு அன்ரனுக்கு நிம்மதி போய்விட்டது.

அன்ரன் அவளுடைய கணவர். சூரிச்சில் ஒரு ரெஸ்டோரன்டில் சமையல். மொட்டைக் கத்தி ஒன்று கண்ணில் பட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. எங்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்தாலும் முதலில் என் கத்தியை எடுத்து விரலால் தடவுவார். "அக்கா, உது மரக்கறி வெட்டாது, உங்கடை விரலைத்தான் வெட்டும்," என்பார். தீட்டித் தந்துவிட்டுத்தான் தேநீரைத் தொடுவார். வேண்டுமா என்று கேட்பதில்லை. அன்பு வந்தால் கேட்க நேரம் ஏது?

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருக்க, அன்ரனுக்கு இந்த இரும்புக் குழாய் ஒன்றுதான் பயம். விட்டுவிடு என்றார் அவர். மாட்டேன் என்றாள் அவள். மேல்மாடியில் நடப்பது எனக்குக் கேட்காமல் இருக்க நான் என்ன செவிடா? கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பார்க்கில் ஒரு சின்னப் போட்டி வருகிறது. அன்ரன் வந்து தன் கண்ணால் பார்ப்பது. அதன் பிறகும் அவருக்கு மனம் ஆறாவிட்டால், அவள் குழாயை விட்டுவிடுவது.

எனக்குக் கோபம் வந்தது. "உமக்கு அவர் அனுமதி தரவேணுமோ?" என்று கேட்டேன்.

"அனுமதி இல்லை அக்கா. நான் மலைக்குப் போற ஞாயிறு எல்லாம் மனுசன் அடுப்படியிலை நிண்டு, போன் அடிக்குதோ போன் அடிக்குதோ எண்டு காதைக் குடுத்துக்கொண்டு நிக்கிறார். அண்டைக்கு விரலையும் வெட்டிப்போட்டார். அவரை உப்பிடி வைச்சுக்கொண்டு என்னாலை விளையாட ஏலாது. நீங்களும் வாங்கோ. பக்கத்திலை நிண்டு கதை குடுங்கோ."

இப்படிக் கேட்டால் யார்தான் மறுப்பது?

மலை லிப்டில் றெஜினா தன் சிநேகிதிகளோடு முதலில் போய்விட்டாள். அன்ரனும் நானும் பின்னால். அவளுடைய ஸ்கீயைக் குழந்தை போல் மடியில் சாய்த்து வைத்திருந்தார். முன்னும் பின்னும் வளைந்த புதுமாதிரி ஸ்கீ. முகத்தில் ஒரு தனிச் சிரிப்பு.

"அக்கா, இண்டைக்கு அவ விழமாட்டா."

"எப்பிடிச் சொல்லுறீர்?"

"திங்கக்கிழமை லீவிலை எடுத்துப் பாத்தன். சப்பாத்துப் பூட்டுற இடத்துக்குக் கீழை விளிம்பு முழுக்க மொட்டை! ஊருக்கெல்லாம் தீட்டிக் குடுக்கிறா, தன்ரையைப் பாக்கேல்லை. ஆஸ்பத்திரியிலை நான் கேக்க, வழுக்கினது எண்டுதானே சொன்னவ? மொட்டையெண்டால் வழுக்கும்தானே! எல்லா விளிம்பையும் தீட்டிப்போட்டன். அவவுக்குச் சொல்லேல்லை. இப்ப மீனே வெட்டலாம்."

"நல்ல வேலை செய்தீர்," என்று நானும் மெச்சினேன். மனைவி விழக்கூடாது என்று லீவு நாளில் குந்தியிருந்து ஸ்கீ தீட்டும் மனுசனை மெச்சாமல்?

மேலே போனதும் றெஜினா ஸ்கீயை வாங்கினாள். கையுறையைக் கழற்றிவிட்டு, பட்டறைப் பழக்கத்தில் பெருவிரல் நகத்தை விளிம்பில் குறுக்கே இழுத்தாள். நகத்திலிருந்து மெல்லிய சுருள் ஒன்று எழும்பியது. அவள் முகம் மாறிவிட்டது.

"இதை ஆர் தீட்டினது?"

"நான்தான்!" பரிசு வாங்கப் போகிறவர் போல் அன்ரன் கையை உயர்த்தினார்.

நான் என்றால் அந்த மலையையே இரண்டாக்கியிருப்பேன். அவள் கத்தவில்லை. அவரைப் பனியில் இருத்தி, தானும் பக்கத்தில் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ... குழாயிலை அங்கங்கை கீறல் கிடக்கும். குறுக்கா வழுக்கேக்கை கூர் விளிம்பு அந்தக் கீறலிலை கொழுவும். ஸ்கீ நிண்டிடும். நான் நிக்கமாட்டன். போன வருசம் நடந்தது அதுதான். அண்டைக்கு நான் புதுசாத் தீட்டின ஸ்கீயோடை ஏறினனான். அதுக்குப் பிறகுதான் காலுக்குக் கீழை மட்டும் அரத்தாலை மழுக்கி வைச்சிருக்கிறன். விழாமல் இருக்கத்தான் அந்த மொட்டை."

அன்ரன் குனிந்து அந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"உங்களுக்கு நான் விளக்கமாச் சொல்லியிருக்கவேணும். இன்னும் பயப்பிடுவியள் எண்டு, வழுக்கினது எண்டு ஒரு சொல்லோடை விட்டிட்டன். பிழை என்னிலையும்தான்."

ஒரு பெண் தன் உடம்பு முறிந்த இடத்திலிருந்து காரணத்தைக் கண்டுபிடித்து, அதற்கு மருந்தும் செய்து வைத்திருக்கிறாள். மற்றவர்களுக்குக் கூர் தீட்டுகிற கையால் தன்னுடையதை மட்டும் அளவாக மழுக்கியிருக்கிறாள். அந்த மருந்தைத்தான் நம்முடைய ஆள் அன்பு மேலிட்டு வழித்துத் துடைத்துவிட்டார்!

"வேண்டாம் றெஜி. வீட்டை போவம்," என்றார்.

ஒலிபெருக்கியில் பெயர்கள் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். பார்க்கைப் பராமரிக்கும் றெத்தோ என்ற சுவிஸ்காரப் பெடியனிடம் றெஜினா ஓர் அரம் கேட்டாள். அவன் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். வாங்கியவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு அதைக் கணவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்கோ. நீங்களே செய்யுங்கோ."

இவளுக்கு என்ன பைத்தியமா? சற்று முன்புதான் இந்த மனுசன் இவளை இன்னொரு முறை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்த்தார்! அவளே செய்தால் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுவாள். என் வாய் வரை வந்துவிட்டது. நல்ல காலம், குளிரில் வாய் உடனே திறக்கவில்லை.

அன்ரன் அரத்தைப் பார்த்தார். ஸ்கீயைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எவடத்திலை இருந்து எவடம் வரைக்கும்?"

இந்தக் கேள்வியை நான் வீட்டுக்கு வந்த பிறகும் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் அன்பில் குறை வைப்பதில்லை. வயிறு நிறைந்தவன் சோற்றுக் கோப்பையில் இன்னும் ஒரு அகப்பை போடுவோம். பிள்ளை என்ன படிக்கவேண்டும் என்று பிள்ளையைத் தவிர எல்லோரையும் கேட்போம். 'உனக்கு எது வேண்டும், எவ்வளவு வேண்டும்' என்று சம்பந்தப்பட்ட ஆளைக் கேட்பதற்கு மட்டும் எங்களுக்கு வாய் வருவதில்லை. அன்ரனுக்கு வந்துவிட்டது. அதுவும் அத்தனை பேருக்கு முன்னால், தலை குனிந்திருந்த நேரத்தில்.

றெஜினா பேனாவால் ஸ்கீயில் இரண்டு கோடு போட்டாள். "இதுக்கிடையிலை மட்டும். முன்னுக்கும் பின்னுக்கும் கூர் இருக்கட்டும், மலையாலை இறங்கேக்கை பிடிக்கவேணும்."

வாழ்நாளில் ஒரு விளிம்பையும் மழுக்கியறியாத மனுசன், கோட்டுக்குக் கோடு, மூலையைச் சுற்றி அரத்தை இழுத்தார். ஏதோ செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரி முகம். இழுப்பார், நகத்தால் பார்ப்பார், மறுபடி இழுப்பார். கோட்டைத் தாண்டவேயில்லை. கடைசியில் தன் நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தார். சுருள் எழும்பவில்லை. "பாரும்," என்று அவளிடம் கொடுத்தார். அவளும் நகத்தை வைத்தாள். தலையை ஆட்டினாள்.

பிறகு அவள் ஏறிப் போனாள்.

என்னைக் கதை கொடுக்கத்தான் கூட்டி வந்தாள். ஒரு கதையும் வரவில்லை. மேலே ஒரு சின்ன நீலப் புள்ளி கிளம்பியது. வந்தது... வேகமாக வந்தது... பாய்ந்தது. இரும்பில் இரும்பு உரசும் சத்தம். 'சர்ர்ர்' என்று நீளமாக. குழாயின் மேல் கைகளை விரித்துக்கொண்டு அவள் பக்கவாட்டில் போனாள். எங்கும் கொழுவவில்லை. மற்றப் பக்கம் குதித்தாள் — குதித்த கையோடு பின்பக்கம் அடிபட இருந்து, பனியைக் கிளப்பிக்கொண்டு சறுக்கினாள்.

"விழுந்திட்டா அக்கா," என்றார் அன்ரன். அரத்தை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அவள் எழும்பினாள். பனியைத் தட்டினாள். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். என் கண் கலங்கிவிட்டது, சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"எழும்பியிட்டா," என்றேன்.

"ஓம்... எழும்பியிட்டா."

"இன்னும் பயமோ?"

"பயம்தான் அக்கா. ஆனா இப்ப எதுக்குப் பயப்பிடவேணும் எண்டு தெரியும்."

மனம் ஆறாவிட்டால் விட்டுவிடுவது என்றுதானே பேச்சு? றெஜினா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து முன்னால் நின்றாள். கேட்கவில்லை. அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போட்டியில் இன்னும் ஒரு முறை ஏறவேண்டியிருந்தது. அன்ரன் குனிந்தார்.

"இடது ஸ்கீ கடைசியிலை கொஞ்சம் கரகரத்தது. எனக்குச் சத்தம் கேட்டது. கழட்டித் தாரும், இன்னும் ரெண்டு இழுப்பு இழுக்கவேணும்."

றெஜினா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

வேலை முடிந்ததும் அன்ரன் அரத்தைத் துடைத்து றெத்தோவிடம் கொடுத்தார். கொடுக்க மனம் வராமல் கொடுத்தார். பிறகு தன் ஜெர்மனில் மிகவும் பவ்வியமாக விசாரித்தார் — இப்படியான அரம் எங்கே வாங்கலாம்?

"இஞ்சாருங்கோ!" என்று முதுகில் ஒரு தட்டு விழுந்தது. "நான் எங்கை வேலை செய்யிறன்? என்னட்டைக் கேக்கலாமெல்லோ!"

மனுசன் கேட்கப் பழகிவிட்டார்... யாரைக் கேட்பது என்பதுதான் பாக்கி.