அத்தை நெற்றியில் ராணி காசு

நேற்று என் மகள் கைப்பேசிக்கு ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். இந்த மாதிரி நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு பையன் பழைய ஐம்பது காசு ஒன்றை விளக்கடியில் திருப்பித் திருப்பிக் காட்டி, "இந்த எழுத்து இருக்கா பாருங்க, ஓரத்துல கோடு இல்லையா பாருங்க, நீங்க லக்கி லா!" என்று கத்துகிறான். கீழே மகள், "தாத்தாகிட்ட இருந்துச்சாமே?" என்று எழுதி ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தாள். பதில் எழுதாமல் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். கண் கலங்கினால் வெங்காயத்தின் மேல் பழி போடலாம் அல்லவா.

பழைய காசுக்கென்று ஒரு வாடை உண்டு. நாள் முழுக்க வியர்த்த உள்ளங்கையின் வாடை. எனக்கு அது அப்பாவின் வாடை. சுவா ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில் அப்பா லோரி ஓட்டினார். மரப்பால் ஏற்றிக்கொண்டு சிரம்பான் போகும்போதெல்லாம் தெமியாங்கில் ஒரு சீனர் கடையில் நிறுத்துவார். கடைகளில் அப்போதே செல்லாமல் போய்விட்டிருந்த, ராணி தலை போட்ட மலாயாக் காசுகளை அங்கே வாங்குவார், மாற்றுவார், சும்மாவாவது பார்த்துவிட்டு வருவார்.

அந்தக் காசுகளில் சிலவற்றில் கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிகிற சின்ன எழுத்து இருக்கும். சிலதில் எச், சிலதில் கே.என். சிலதில் ஒன்றுமே இருக்காது. எந்த ஆலையில் அடித்தது என்பதற்கு அதுதான் அடையாளம். ஐம்பது காசின் ஓரத்தில் பல் பல்லாக வெட்டி, அதன் நடுவே சுற்றிலும் ஒரு பள்ளக்கோடு போட்டிருப்பார்கள், கள்ளக்காசு அடிக்கிறவனுக்குச் சுலபமாக வராமலிருக்க. அந்தக் கோடு விழாமல் தப்பி வந்த காசுகளும் உண்டு. கே.என். எழுத்தும் இருந்து, ஓரக்கோடும் விழாத ஒன்றைத்தான் அப்பா வருடக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார். இந்தப் பைத்தியம் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்றைக்கும் கார் நிறுத்தக் காசு போடுமுன் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறேன், பின்னால் நிற்கிறவர் ஹாரன் அடிக்கிற வரைக்கும்.

ஒரு நாள் அது அவர் கையில் கிடைத்தே விட்டது. யாரோ கொடுத்த ஒரு பிடிக் காசில் கலந்திருந்தது. அன்றைக்கு அவர் சோறு சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. ஒரு தைல டப்பாவில் பஞ்சு விரித்து அதை மட்டும் தனியாக வைத்தார். மற்றதெல்லாம் பழையபடி பிஸ்கட் டின்னிலேயே கிடந்தது. கடைக்காரர் பெரிய பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், அடுத்த வாரம் கொண்டு வா என்று சொல்லியிருந்தார். அந்த வாரத்தில்தான் அத்தை செத்துப்போனாள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு. வெகுநாளாக நெஞ்சுவலியோடு இருந்தவள், ஒரு காலையில் பாத்திரம் கழுவியபடியே சாய்ந்துவிட்டாள். அப்பா சிரம்பானுக்குப் போயிருந்தார். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்தார்கள். நெற்றியில் காசு வைக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் அதற்குத் தலை போட்ட பழைய காசுதான் வேண்டும். பார்லிமெண்ட் கட்டடம் போட்ட புதுக் காசு ஆகாது என்பார்கள். "லோரிக்காரர் வீட்டுல இல்லாத ராணி காசா? ஓடிப்போய் எடுத்தாங்க" என்று யாரோ சொல்ல, அம்மா ஓடினாள். டின்னில் அத்தனை காசு இருக்க, பஞ்சில் தனியாக வைத்திருந்ததை எடுத்துவந்தாள். நாத்தனாருக்கு நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்றுதான் எடுத்தாள். இதை நான் எங்கேயும் சொல்வேன்.

அப்பா மத்தியானம் வந்தார். தோளில் துண்டோடு ஓடிவந்து அத்தையின் தலைமாட்டில் விழுந்து, "என்னைப் பெத்த தாயே" என்று கதறினார். கொஞ்ச நேரத்தில் அவர் அழுகை நின்றுபோனது. காசைப் பார்த்துவிட்டார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் முகம் அப்போது மாறிய மாதிரியை இன்றுவரை என்னால் மன்னிக்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

எழுந்து வீட்டுக்குப் போய், டின்னிலிருந்து வேறொரு ராணி காசு எடுத்துவந்தார். அத்தை புருஷனான மாமாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"மாப்ள, அதை எடுத்துட்டு இதை வச்சிரலாம். இதுவும் ராணி காசுதான்."

மாமா நிமிர்ந்து பார்த்தார். "அதுவும் இதுவும் ஒண்ணுதானே மச்சான். அப்புறம் எதுக்கு மாத்தணும்?"

பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சின்ன எழுத்தையும் ஓரக்கோட்டையும் யாரால் விளக்க முடியும்? அப்பா மறுபடியும், "இல்ல மாப்ள, அது கொஞ்சம் வேற மாதிரி" என்றார். மாமாவின் குரல் ஏறியது.

"தங்கச்சிக்கு வச்ச அம்பது காசைத் திருப்பிக் கேக்குறீங்களா? சரி, எடுத்துக்குங்க. உங்க கையாலேயே எடுங்க."

அப்பா எடுக்கவில்லை. அம்மா அவர் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள். அண்ணன் போர்த்த வேண்டிய பிறந்த வீட்டுக் கோடியை வேறு யாரோ போர்த்தினார்கள். காசோடுதான் அத்தையைப் புதைத்தோம்.

அப்புறம் எவ்வளவோ சொல்லி அனுப்பிப் பார்த்தோம். அம்மா போய் வாசலில் நின்று, "நாந்தாண்ணே தப்பா எடுத்துட்டேன்" என்று அழுதாள். மாமா கதவைச் சாத்தவில்லை, பேசவும் இல்லை. தோட்டம் முழுக்க, பிணத்து நெற்றிக்காசைப் பிடுங்கப் போனவன் என்ற பேர் அப்பாவுக்கு நிலைத்துவிட்டது. செல்விக்கு, அத்தை மகளுக்கு, சி ரூசா பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் சீர் செய்ய வேறு யாரையோ நிறுத்தினார்கள். அன்று அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு, ஒருவேளை கூப்பிட ஆள் வரும் என்று வீட்டிலேயே இருந்தார். சாயங்காலம் கைலிக்கு மாறி லோரியைக் கழுவினார். மாமாமேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிந்ததைத்தானே அவர் பார்த்தார்?

தோட்டத்தை விற்றார்கள். லயம் போனது, பால்மரம் போனது, இடுகாட்டையும் எடுத்து அங்கே வரிசை வரிசையாக வீடு கட்டிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் வந்து அவரவர் வீட்டு ஆட்களின் எலும்பை எடுத்துக்கொண்டு போனார்களாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு சுவா கடைத்தெருவில் கேள்விப்பட்டு வந்து, படுக்கையில் கிடந்த அப்பாவிடம் சொன்னேன். காசைப் பற்றித்தான் கேட்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அவள எங்க கொண்டுபோய் வச்சிருக்காங்கம்மா?" என்றார். "ஒரு பூ போட்டுட்டு வரணும்."

விசாரித்தேன். மாமா இறந்துவிட்டிருந்தார். செல்வி எந்த ஊருக்குப் போனாள் என்று தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவரும் ஒவ்வொரு முறையும் சரிம்மா என்றார். அப்பா போய்விட்டார். அத்தை எங்கே இருக்கிறாள் என்று எனக்கு இன்னும் தெரியாது.