அக்காவின் சொற்களும் என் கையெழுத்தும்

முழுக்க என் கையெழுத்தில் இருந்தும் என் பெயர் இல்லாத ஒரு விடைத்தாள். கல்லூரியில் நான் அக்கா என்று அழைத்தவரை நினைத்தால் முதலில் அதுதான் கண்முன் வருகிறது. முதல் பக்கத்தின் ஓரத்தில் பேராசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘பள்ளிப் பிள்ளை எழுதியதுபோல் இருக்கிறது.’ அந்தத் திட்டு எனக்கு உரியது. வகுப்பில் அத்தனை பேர் நடுவே, பக்கத்து இருக்கைத் தோழி வாசித்துக் காட்ட, அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரோ அக்கா. அவருக்குப் பார்வை இல்லை. அவர் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதிக் கொடுத்தவள் நான்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் நான் பி.காம். முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். அக்கா வரலாறு மூன்றாமாண்டு. பார்வையற்ற மாணவிக்கு எழுதுபவர் வேறு பாடம் படிப்பவராக இருக்க வேண்டும் என்பது விதி. நான் அந்த வேலைக்கு முன்வந்ததில் நல்ல மனசு எதுவும் இல்லை. அரியமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள். முதல் வகுப்பு நேரம் பெரும்பாலும் கேன்டீனில் கழியும். இரண்டாம் பருவம் பாதி ஆவதற்குள் என் வருகைப் பதிவு தேர்வு எழுத விடாத அளவுக்குச் சரிந்திருந்தது. எங்கள் துறைத்தலைவர் அழைத்து, “உதவி எழுத்தரா போனா அந்த நாளெல்லாம் வருகையில சேரும். போறியா?” என்று கேட்டார். போகிறேன் என்றேன். அப்போது அக்காவின் முகம்கூட எனக்குத் தெரியாது.

முதல் உள்தேர்வு நூலகத்தின் பின்னறையில் நடந்தது. ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். அக்கா கேள்வியை ஒருமுறை வாசிக்கச் சொல்வார். உள்ளங்கைகளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு விடையை மனதுக்குள் அடுக்கிக்கொள்வார். பிறகு பேசத் தொடங்கினால் வாக்கியங்கள் ஏற்கனவே அச்சில் இருப்பவைபோல் வரும். எனக்கோ ஆங்கில வழிப் படிப்பு. தமிழில் பக்கம் பக்கமாக எழுதிப் பழக்கமில்லை. ‘பாளையக்காரர்களின் கிளர்ச்சி’ என்றார். ‘கிளர்ச்சி’க்கு எந்த ‘ள’ என்று தெரியவில்லை, கேட்க வெட்கம். ‘சண்டை’ என்று எழுதினேன். ‘இறையாண்மை’ வந்தபோது ‘அரசனின் பவர்’ என்று எழுதி அடித்து, ‘அதிகாரம்’ ஆக்கினேன். கடைசிக் கேள்வியில் விரல் வலித்தது. அவர் நான்கு வாக்கியம் சொன்னால் இரண்டை எழுதினேன். யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணம் இருந்ததா என்றால், இருந்தது. அதை மறைத்து இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை.

விடைத்தாள் திரும்பி வந்த அன்று மதியம் அக்கா ஆள் அனுப்பினார். நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தத் தாள்.

“உக்காரும்மா. ஒன்னு கேக்கணும். நான் ‘கிளர்ச்சி’ன்னு சொன்னேனா, ‘சண்டை’ன்னு சொன்னேனா?”

“கிளர்ச்சின்னுதான் சொன்னீங்க அக்கா.”

“அப்போ சண்டை யாரோடது?”

“என்னோடது. எந்த ‘ள’ன்னு தெரியல.”

“கேட்டிருக்கலாமே. எட்டாவது வரைக்கும் கண்ணால படிச்சவ நான். எழுத்தெல்லாம் இன்னும் அப்படியே இருக்கு உள்ள.”

கோபம் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டதில் அது தெரிந்தது. “மார்க் குறைஞ்சது பரவால்லம்மா. சார் என்ன எழுதியிருக்காருன்னு கேட்டியா? மூணு வருஷமா நான் எப்படிப் பேசுவேன்னு அவருக்குத் தெரியும். இப்போ, ‘பேசத்தான் தெரியுது, விஷயம் இல்ல’ன்னு நெனச்சிருப்பாரு.”

அக்கா அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என்னை நீக்கியிருப்பார்கள், வருகைப் பதிவும் போயிருக்கும். அதைச் சொல்லி அழுதேன். அக்கா தாளை மடித்து வைத்தார். பிறகு, “புதுசா ஒருத்தி வந்தா அவளும் இதையேதான் செய்வா. நீயாவது மாட்டிக்கிட்டவ,” என்றார். சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “பல்கலைக்கழகத் தேர்வுக்கும் நீயே வா. ஆனா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஸ்ரீரங்கம் வரணும்.”

அக்காவின் சொந்த ஊர் முசிறி. படிப்புக்காக ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில் இருந்த சித்தி வீட்டில் தங்கியிருந்தார். அங்கே முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் எழுதிப் பழகினோம். அக்கா எனக்கென்று சில விதிகள் வைத்தார். சொன்ன சொல்லை மாற்றக்கூடாது. எழுத்து தெரியாவிட்டால் கேட்க வேண்டும். கை வலித்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எழுதியதை எழுதியபடியே வாசித்துக் காட்ட வேண்டும். தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டார்: என் பேனா நின்ற சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த வாக்கியம். முதல் வாரம் ஒரு பக்கத்துக்குப் பத்துத் தடவை கேட்டேன். “எந்த ‘ன’ அக்கா?” என்று கேட்பதில் இருந்த கூச்சம் மூன்றாவது வாரம் போயேபோய்விட்டது. சித்தி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அக்காவிடம், “என்னடி, நீ என்கிட்ட வாங்குறதைவிட இவ உன்கிட்ட அதிகமாத் திட்டு வாங்குறா,” என்பார். உண்மையில் அக்கா திட்டியதே இல்லை. தப்பாக எழுதிய சொல்லைத் திரும்ப ஒருமுறை, எழுத்து எழுத்தாக, பொறுமையாகச் சொல்வார். அந்தப் பொறுமை எனக்குத் திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது. வகுப்பிலும் நான் ஒழுங்காக உட்காரத் தொடங்கியது அந்த நாட்களில்தான்.

ஏப்ரலில் பல்கலைக்கழகத் தேர்வு. மாடிப்படிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சிறிய அறை. மேற்பார்வைக்கு வெளிக் கல்லூரியிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். மூன்று மணி நேரத் தேர்வு. பார்வையற்றவர்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு. அந்தக் கணக்கில்தான் அக்கா நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு மணிக்கு மணி அடித்ததும் சார் எழுந்து கையை நீட்டினார்.

“டைம் ஆச்சு. பேப்பரைக் கொடுங்க.”

“எங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு சார்,” என்றார் அக்கா.

“எனக்கு அப்படி எந்த ஆர்டரும் வரலம்மா. ரூல்ஸ்னா எல்லாருக்கும் ஒன்னுதான்.”

இரண்டு பெரிய கேள்விகள் பாக்கி இருந்தன. அக்காவின் கைகள் மேசைமேல் அப்படியே இருந்தன. அத்தனை நிதானமானவர் பேச்சற்றுப்போனதை நான் அன்றுதான் பார்த்தேன். தேர்வறையில் எழுதுபவள் சொந்தமாக ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் முறைகேடு என்று எழுதிவிடுவார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எழுந்து நின்றேன்.

“சார், நான் பேசக்கூடாதுதான். வேணும்னா என் பேரை எழுதிக்குங்க. வெளியில பையில ஆர்டரோட காப்பி இருக்கு. நீலக் கலர் ஃபைல். நீங்களே எடுத்துப் பாருங்க சார். அதுவரைக்கும் நான் பேனாவைத் தொடல.”

பேனாவை மூடி மேசையின் நடுவில் வைத்தேன். அவர் என்னை முறைத்தார். பிறகு வாசலில் நின்ற பணியாளரை அனுப்பி ஃபைலை வரவழைத்து, நின்றபடியே இரண்டு முறை படித்தார். தலைமைக் கண்காணிப்பாளர் அறைக்கு ஆள் போய் வந்தார். சாரின் முகம் மாறியதை அக்காவால் பார்க்க முடியாது. ஆனால் குரல் மாறியதைக் கேட்டிருப்பார். “மன்னிச்சுக்கம்மா. எங்கிட்ட யாரும் சொல்லல. இப்போ போன பதினஞ்சு நிமிஷத்தையும் சேர்த்துத் தர்றேன்,” என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அக்கா நீளமாக ஒரு மூச்சு விட்டார். “எங்க விட்டோம்? கடைசி வரியைப் படி,” என்றார். படித்தேன். விட்ட இடத்திலிருந்து, ஒரு சொல் பிசகாமல் தொடர்ந்தார்.

அக்கா முதல் வகுப்பில் தேறினார். பி.எட். முடித்து, இப்போது முசிறிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. நான் தட்டுத்தடுமாறிப் படித்து, திருச்சியிலேயே ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது எங்கள் கல்லூரியில் மாணவர் உதவி மையம் என்று ஓர் அறை இருக்கிறது. பலகையில் இருப்பதைப் படித்துக்காட்டும் செயலி இருக்கிறது. மனம் சரியில்லை என்றால் பேச வாரம் இருமுறை ஆலோசகர் வருகிறார். ஒவ்வொரு பருவமும் முதல் நாள் என் பாடத்துக்கென்று ஒரு தாள் கொடுப்பேன். தாமதமாக வந்தால் என்ன செய்வது, ஒப்படைப்புக்கு எத்தனை நாள் தள்ளிக் கேட்கலாம், உதவி மையம் எந்த மாடியில் என்றெல்லாம் அதில் இருக்கும். முதன்முதலில் அதை எழுதிமுடித்த பெருமையில் அக்காவுக்கு அனுப்பினேன். போன் செயலி வாசிக்கக் கேட்டுவிட்டு அன்று மாலையே அழைத்தார்.

“நல்லா இருக்கும்மா. எழுத்துப் பிழையே இருக்காது, அது எனக்குத் தெரியும்,” என்று சிரித்தார். பிறகு கேட்டார்: “‘உதவி தேவைப்படுவோர் என்னை அணுகலாம்’னு போட்டிருக்கியே, யாரு வருவா?”

“வருவாங்க அக்கா. அதான் எழுதியிருக்கேனே.”

“முதல் ரெண்டு வருஷம் கிளாஸ்ல போர்டுல எழுதுறதை யாரும் வாய்விட்டுப் படிக்க மாட்டாங்க. படிங்கன்னு நான் ஒருத்தர்கிட்டயும் போய்க் கேக்கல. கேட்டா தொந்தரவுன்னு நெனப்பாங்களோன்னு பயம். நீயே எந்த ‘ள’ன்னு கேக்க எவ்வளவு கூச்சப்பட்ட! அவங்க வரணும்னு உக்காந்திருக்காத. நீ போய்க் கேளு.”

அந்த வரியை அன்றே எடுத்துவிட்டேன். இப்போது முதல் இரண்டு வாரமும் மதிய இடைவேளையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்து, “என் கிளாஸ்ல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?” என்று கேட்கிறேன். அறுபது பேர். நேரம் பிடிக்கத்தான் செய்கிறது. சக ஆசிரியர்கள் சிலர் கேலி செய்கிறார்கள். பெரும்பாலும், “ஒன்னும் இல்லை மேடம்” என்ற பதில்தான் வரும். அதற்காகக் கேட்பதை விடவில்லை.

இந்தப் பருவத்தில், மன்னார்புரத்திலிருந்து வரும் ஒரு மாணவி. எப்போதும் முதல் வரிசை. யாரோடும் அதிகம் பேசாதவள். அவளும், “ஒன்னும் இல்லை மேடம், எல்லாம் நல்லா இருக்கு,” என்று எழுந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்தவரை அழைக்கப் பெயர்ப்பட்டியலைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கதவருகே காலடி ஓசை நின்றது.

“மேடம், நீங்க போர்டு பக்கம் திரும்பிப் பேசுறப்ப எனக்கு எதுவும் கேக்காது. உதட்டைப் பாத்தாதான் புரியும்.” மூச்சு வாங்கினாள். “ஸ்கூல்லேர்ந்து இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

பட்டியலை மூடி வைத்துவிட்டு, அவள் முகத்துக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தேன். “சொல்லுங்க,” என்றேன்.