அக்கா வேது பிடித்த முறையும், எனக்கு விளங்காத சில விஷயங்களும்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும்படி அக்காவின் மகள் கௌரி கேட்டபோது, "நான் தறிக்கு மரவேலை செய்றவன்மா, எனக்கு எழுத வராது" என்றேன்.

"நீங்கதான் மாமா எழுதணும். சொந்தக்காரங்க ஆளுக்கு ஒண்ணு பேசிக்கினு இருக்காங்க. அந்த வேது விஷயத்தையும் எழுதிடுங்க" என்றாள்.

பெண்கள் தங்களுக்குள் மட்டுமே பேசிக்கொள்ளும் ஒரு விஷயத்தை ஆண்பிள்ளையான நான் எப்படி எழுதுவது என்று விழித்தேன். "நான் எழுதுனா அம்மாவுக்குப் பரிஞ்சு பேசுறேன்னு சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதனால் எனக்குத் தெரிந்ததையும், தெரியாததைத் தெரியாது என்றும் எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது கூரம் கிராமத்தில். அப்பா குத்தகை நிலத்தில் பயிர் வைத்தவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு அக்கா அம்மாவோடு நடவுக்குப் போனார். என்னைப் படிக்க வைக்க நிறுத்தினாரா, படிப்பே பிடிக்காமல் நிறுத்தினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், "எனக்குக் கணக்கு வராதுடா" என்பார். ஆனால் கல்யாணமான பிறகு மாமாவின் தறிக்குப் பாவு இழைக் கணக்குப் பார்த்ததே அவர்தான். இதில் எது உண்மை என்று நான் எப்படிச் சொல்வது?

நிலத்தை விட்டுத் தறிக்கு வந்து பிள்ளையார்பாளையத்தில் நிலைத்த குடும்பம் மாமாவுடையது. வயல் வேலை செய்த கை பட்டு நூலுக்குப் பழகுமா என்று மாமியார் வீட்டில் கவலைப்பட்டார்களாம். சில மாதங்களிலேயே அக்கா சரிகை சுற்றக் கற்றுக்கொண்டார். ஊரடங்கில் தறிகள் நின்றபோது வாசலிலேயே இட்லி சுட்டு விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். அவர் முகம் வாடி நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். கௌரி பிறந்த சமயம் அது.

தலைப்பிரசவம் கஷ்டமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரசவித்த பெண்ணுக்கு நொச்சியும் வேப்பிலையும் கொதிக்க வைத்து, அந்த ஆவியை இடுப்புக்குக் கீழே பிடிக்க வைப்பது, வேது என்பார்களே, அது அக்கா மாமியாரின் வழக்கம். அவர் கெட்டவர் அல்லர், மருமகளுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார். தையல் ஆறும் முன்பே, அடுப்பிலிருந்து இறக்கிய பானைக்கு மேலே அக்காவைக் குந்த வைத்துப் புடவையால் மூடிவிட்டார். ஆவி சுட்டுவிட்டது.

எனக்கு அப்போது இது எதுவும் தெரியாது. அக்கா வீட்டுக்கு நான் போனபோது, துணைக்கு வந்திருந்த எங்கள் அம்மா கதவருகே வந்து, "சுடுதண்ணி பட்டுடுச்சு" என்றார். "கால்லயா?" என்று கேட்டேன். "ஆமா, காலுதான்" என்று கதவைச் சாத்திவிட்டார். மருந்துக் கடையில் எங்கே பட்டது என்று கேட்டார்கள். காலில் என்று சொல்லிக் களிம்பு வாங்கி வந்தேன். காலில் புண் என்றால் தம்பி பார்க்கக்கூடாதா என்று மட்டும் குழப்பமாக இருந்தது. அக்கா திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்திருந்தபோதுதான் அவருடைய வாடிய முகத்தைப் பார்த்தேன். பிறகு குணமாகி வந்தார்.

பல வருடங்கள் கழித்து ஒரு நாள் அக்கா என் பட்டறைக்கு வந்தார்.

"ஒரு ஸ்டூல் வேணும்டா. பலகைக்கு நடுவுல வட்டமா ஓட்டை போட்டுக் குடு."

அப்போது அவருடைய மாமியார் நடமாட முடியாமல் இருந்தார். அவருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, ஏறி உட்கார வசதியாகத் தாழ்வாகச் செய்து கொடுத்தேன். அடுத்த வாரமே அக்கா அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னும் ஒசரமா வேணும்."

"வயசானவங்க எப்படிக்கா ஏறுவாங்க?"

"நீ ஒசத்திக் குடுடா. கால் ஆடக்கூடாது. வார்னிஷும் அடிக்காத."

"வார்னிஷ் இல்லாட்டித் தண்ணி பட்டா மரம் கறுத்துடுமே?"

"கறுக்கட்டும்."

வார்னிஷ் வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அக்காதான். வீட்டுக்குப் போய் இதைச் சொன்னபோது என் மனைவி சிரித்துவிட்டாள். அந்த ஸ்டூல் அக்கா வேது பிடிப்பதற்குத்தான் என்பதும், அன்று வெந்தது கால் இல்லை என்பதும் அவள் சொல்லி அப்போதுதான் தெரிந்தது. பானைக்கும் உட்காருகிறவருக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கத்தான் உயரம் கேட்டிருக்கிறார். சூட்டில் வார்னிஷ் வாடை ஆவியோடு கலந்துவிடும் என்றுதான் அதையும் வேண்டாம் என்றிருக்கிறார்.

அப்போது எனக்கு வந்த குழப்பம் இன்னும் தீரவில்லை. அதே ஆவியால் வெந்து படுத்தவர், மறுபடியும் அதையே ஏன் நாட வேண்டும்? என் மனைவி அவரிடம் கேட்டே விட்டாள். அக்கா யோசித்துவிட்டு, "நாள் முழுக்க உட்கார்ந்து சரிகை சுத்துறேன். இடுப்பு கல்லாட்டம் ஆயிடுது. அந்தச் சூடு பட்டா இதமா இருக்குது. அவ்ளோதான்மா. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது" என்றாராம்.

அவராக ஆரம்பித்துவிடவும் இல்லை. முதலில் என் மனைவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு பெண் டாக்டரிடம் போயிருக்கிறார். அந்த டாக்டர் ஒளிக்காமல் பேசினாராம். "இதனால கர்ப்பப்பை சுத்தமாகும், கட்டி கரையும்னு சொல்றதுக்கெல்லாம் ஆதாரம் கிடையாது. உள்ளே அது தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கும். நீங்க செய்யாம இருந்தா ஒரு குறையும் வராது. செஞ்சா சுட்டுக்க வாய்ப்பு இருக்கு. என்னைக் கேட்டா வேணாம்னுதான் சொல்வேன்."

"இடுப்பு வலிக்கு இதமா இருக்குதும்மா."

"அதுக்கு வெந்நீர்ப் பை வெச்சாலே போதுமே. இல்ல, செய்யத்தான் செய்வேன்னா, சூடு கம்மியா, கொஞ்ச நேரம்தான். மாசமா இருக்கும்போது கூடாது. ரத்தப்போக்கு, புண்ணு, தையல், காய்ச்சல் எது இருந்தாலும் கூடாது. காப்பர் டி வெச்சிருந்தா எங்களைக் கேக்காம கூடாது. வலிக்கோ வெள்ளைப் போக்குக்கோ இதை மருந்துன்னு நெனச்சுக்கினு ஆஸ்பத்திரிக்கு வராம இருந்துடாதீங்க."

அக்கா இதில் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்பது விசித்திரம். 'வேணாம்' என்று டாக்டர் சொன்னதை மட்டும் கேட்கவில்லை. மற்றதையெல்லாம் அப்படியே பிடித்துக்கொண்டார். இலைகளை நன்றாக அலசிக் கொதிக்க வைப்பார். கடையில் விற்கும் பொடி, எண்ணெய் எதுவும் சேர்க்க மாட்டார். அடுப்பை அணைத்துப் பானையைத் தரையில் இறக்கி, ஆவியின் வேகம் அடங்கும்வரை வேறு வேலை பார்ப்பார். பிறகு ஸ்டூலின் ஓட்டையில் மணிக்கட்டின் உட்புறத்தைக் காட்டிப் பார்ப்பார். கை இதமாக உணர்ந்தால்தான் உட்காருவார். கொஞ்சம் சுருக்கென்றாலும் எழுந்துவிடுவார். கதவைத் தாழ்போட மாட்டார், வெளியே யாராவது ஒரு பெண் இருக்க வேண்டும். குழந்தைகளைப் பானை இருக்கும் பக்கமே விட மாட்டார். இவ்வளவும் என் மனைவி சொல்லி நான் எழுதுவது.

இதைக் கேள்விப்பட்டுப் பல பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர் வேது வைத்துக் கொடுத்தவர்களைவிடத் திருப்பி அனுப்பியவர்களே அதிகம். மாதவிடாய் நின்று வெகு காலம் ஆன ஓர் அம்மா, மறுபடியும் உதிரம் படுகிறது, வேது பிடித்தால் நின்றுவிடும் என்று வந்தார். அக்கா அவரை உட்காரக்கூட விடவில்லை. "இது வேதுக்கு அடங்குற விஷயம் இல்லம்மா. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, நான் கூட வரேன்" என்று கையோடு அழைத்துப் போனார். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து ஆபரேஷன் செய்தார்கள். அந்த அம்மா இன்று நலமாக இருக்கிறார். காரியத்தன்று வந்து அவர் அழுததைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

ஊரையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர் தனக்கு இருந்த ரத்த அழுத்தத்தை மட்டும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டாயா என்று கௌரி கேட்டால், "ஆச்சு, ஆச்சு" என்பார். ஆயிற்றா இல்லையா என்று யாரும் பார்த்ததில்லை. 

வைகாசி கருட சேவை அன்று ஊரே வீதியில் இருந்தது. மாமாவும் என் மனைவியும் சாமி பார்க்கப் போயிருந்தார்கள். கௌரி ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருந்தாள். நான் பட்டறையில் இருந்தேன். தெருவில் ஆட்டோ ஓட்டும் பாய் எனக்குப் போன் செய்து, "அண்ணே, அக்காவை ஆஸ்பத்திரிக்கு இட்டாந்திருக்கேன், சீக்கிரம் வாங்க" என்றார். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். அக்கா கண் திறக்கவே இல்லை. சில நாட்களில் போய்விட்டார்.

வீட்டின் பின்னறையில் அந்த ஸ்டூலும், இலை ஊறிய தண்ணீரோடு பானையும் அப்படியே இருந்தன. பார்த்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். "தனியா வேதுல உட்கார்ந்து மயங்கிட்டா" என்று காரிய வீட்டிலேயே பேச்சு வந்தது. நான் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். "பிரஷர் ரொம்ப ஏறியிருந்தது. வேதுனால வந்ததுன்னு சொல்ல முடியாது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு அடிச்சும் சொல்ல முடியாது" என்றார். நான் இன்னும் குழம்பிப் போனேன்.

துணை இல்லாமல் உட்காராதவர் அன்று மட்டும் ஏன் உட்கார்ந்தார்? இன்னொன்றும் இடித்தது. யார் கூப்பிட்டு வந்தீர்கள் என்று ஆட்டோ பாயிடம் கேட்டதற்கு, "உங்க கௌரிதான் வாசல்ல நின்னு கத்துச்சு. தலையில முந்தானை போட்டுக்கினு இருந்துச்சு" என்றார். கௌரியோ ஸ்ரீபெரும்புதூரில் இருந்தாள். பாய் பொய் சொல்கிறவர் அல்லர். அக்கம்பக்கத்தில் கேட்டோம். ஆள் கூடிய பிறகு வந்தவர்களுக்கு முதலில் யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை. மாமா சாப்பிட உட்காரும்போதெல்லாம் பாதியில் கையை நிறுத்திவிட்டு, "தனியா கெடந்தாளேடா" என்பார். ஒரு வருடமாக இதுதான் எங்கள் வீடு.

இந்த மலருக்கு வேலை நடப்பது தெரிந்து, போன மாதம் நம் பக்கத்துப் பெண் ஒருத்தர் குழந்தையின் நடைவண்டியைச் சரிபார்க்கக் கொண்டு வந்தார். சக்கரத்தைப் பார்த்தேன். அதில் ஒரு பழுதும் இல்லை.

"இதுல ஒண்ணும் இல்லையேம்மா."

அவர் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு, "அண்ணா, அன்னிக்கு வேது எனக்குத்தான் வெச்சாங்க" என்றார்.

என் கையிலிருந்த நடைவண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் சொன்னது இதுதான். பிள்ளை பெற்று ஆறு மாதம் ஆகியும் அடிவயிற்று வலி விடவில்லை. வீட்டில் சொன்னால் வேலைக்குச் சோம்பல் என்பார்கள் என்று, எல்லோரும் கருட சேவைக்குப் போன நேரம் பார்த்து, யாருக்கும் அடையாளம் தெரியாதபடி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு குழந்தையோடு அக்காவிடம் வந்திருக்கிறார். லேசாக இடுப்பு வலி என்று மட்டும் சொல்லியிருக்கிறார். குழந்தையை முன்னறையில் பாயில் படுக்க வைக்கச் சொல்லிவிட்டு அக்கா பானையை இறக்கியிருக்கிறார். ஆவி அடங்கக் காத்திருந்தபோது இவர் நடுங்குவதைப் பார்த்து நெற்றியைத் தொட்டிருக்கிறார்.

"'காய்ச்சல் அடிக்குதேம்மா, வலி மட்டும்னு சொன்னியே'ன்னு கேட்டாங்க. அப்புறம்தான் எல்லாத்தையும் சொன்னேன். 'இன்னிக்கு வேது கெடையாது, நேரா டாக்டரைப் பாரு, நான் வந்து உன் வீட்டுல பேசுறேன்'னாங்க. பேசிக்கினே இருந்தவங்க, தலை சுத்துதுன்னு கீழ உட்கார்ந்துட்டாங்கண்ணா. ஓடிப் போய்ப் புடிச்சு மடியில சாய்ச்சுக்கினேன்."

"ஏதாவது பேசுனாங்களா?"

"முன்னறையில கொழந்த அழுதுச்சு. 'புள்ள அழுவுது பாரு, போய்த் தூக்கு'ன்னாங்க. நான் தூக்கல. அவங்களைத்தான் புடிச்சுக்கினு இருந்தேன். அப்புறம் பேச்சே இல்ல. அப்பதான் வாசலுக்கு ஓடி ஆட்டோவைக் கூப்பிட்டேன்."

கூட்டம் சேர்ந்ததும் பயந்துபோய்க் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். மறுநாள் டாக்டரிடம் போனதில் உள்ளே கிருமி தொற்றியிருப்பதாகச் சொல்லி மருந்து கொடுத்தார்கள். இப்போது குணமாகிவிட்டார். "எனக்காகப் பானையைத் தூக்குனதாலதான் ஆச்சோன்னு தினமும் நெனைக்கிறேன்" என்று அழுதார். அப்படி இல்லை என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. மாத்திரை சாப்பிடாததா, பானையைத் தூக்கியதா, வைகாசி வெயிலா என்று எந்த டாக்டராலும் இனிச் சொல்ல முடியாது. அக்கா அன்று வேதில் உட்காரவே இல்லை என்பது மட்டும் தெரியும். பேசிக்கொண்டிருக்கும் உறவினர்கள் இதை அறிய வேண்டும் என்பதற்காகவே, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு எழுதினேன். அவர் யார் என்று தயவுசெய்து யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

அன்று மாலையே மாமாவிடம் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப தனியா இல்லையாடா?" என்றார்.

"இல்ல மாமா. மடியிலதான் இருந்திருக்காங்க."

"தனியா இல்ல இல்ல?"

"இல்ல மாமா."

எழுந்து போய்க் கை கழுவினார். பிறகு கௌரியைக் கூப்பிட்டு, பசிக்கிறது, தட்டு வை என்றார்.

வேது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால் இன்றும் குழப்பமே. டாக்டர் வேண்டாம் என்றார், அக்கா இதமாக இருக்கிறது என்றார். இரண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள் அல்லர். செய்ய நினைக்கும் பெண்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். அக்காவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

கருட சேவைக் கூட்டத்தில் சந்து சந்தாகப் புகுந்து அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆட்டோ பாய்க்கும், கடைசி நாட்களில் அக்காவின் உடம்பைத் துடைத்துப் பார்த்துக்கொண்ட நர்ஸ் சகோதரிகளுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டு அடுப்பைத் தங்கள் வீட்டில் எரித்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பெயர் சொல்ல முடியாத தங்கைக்கு: இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். மாமா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். கேள்வி எதுவும் கேட்க மாட்டார். அக்கா கடைசியாகச் சொன்னதை உங்கள் வாயால் ஒரு முறை கேட்க வேண்டுமாம். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாருங்கள்.