எதிர்வீட்டு அக்கா தந்த நற்சான்று

போன மாதம் நான் பாம்பு பிடிக்கிற வீரன் ஆகிவிட்டேன். பல்லி விழுந்தாலே பெஞ்சில் ஏறி நிற்கிற நான்!

என் மகள் எட்டாவது படிக்கிறாள். அவளுடைய சிறுவர் மன்றம் பிள்ளைகளைக் கல்வராயன் மலை முகாமுக்கு அழைத்துப்போகிறது. ராத்திரி தங்கலும் உண்டு. கூடப் போக வாலண்டியர்கள் வேண்டும் என்றார்கள். பெற்றோர் கூட்டத்தில் முதலில் எழுந்து சத்தம் போட்டவன் நான்தான். "கூட வர்றவங்க எப்படிப்பட்டவங்கன்னு விசாரிக்காம எப்படிங்க புள்ளைங்கள அனுப்புறது?"

விசாரிக்கிறோம் என்றார்கள். எனக்குப் பயம் தீரவில்லை. நானே வாலண்டியராகப் பெயர் கொடுத்தேன்.

விசாரணை என் பக்கமும் திரும்பும் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

என்மேல் போலீஸ் கேஸ் எதுவும் இல்லை. ஆனால் நான் ஏழாவதோடு ஸ்கூலை விட்டவன். அது மகளின் தோழிகளுக்குத் தெரியாதே!

மன்றத்து மேடம் எங்கள் தெருவுக்கே வந்து, எதிர்வீட்டு கஸ்தூரி அக்காவிடம் கேட்டிருக்கிறார். "அந்த வீட்டு சார் எப்படி? குடி, கோபம் ஏதாவது உண்டா?"

எங்கள் பக்கம் தெரியாதவர் வந்து இப்படிக் கேட்டால் ஒரே அர்த்தம்தான் — கல்யாணம்! என் பெரிய பையனுக்குப் பெண் தேடுவது தெருவுக்கே தெரியும். பெண் வீட்டார் சம்பந்தியைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். அப்புறம் வாய் சும்மா இருக்குமா?

மறுநாள் மேடம் போன் போட்டார். "சார், ராத்திரி டென்ட் காவல் உங்களுக்குத்தான். வெறுங்கையில பாம்பு புடிப்பீங்களாமே!"

எதிர்வீட்டுக்கு ஓடினேன். "இன்னாக்கா சொல்லி வெச்ச?"

"இன்னாத்த சொன்னேன் தம்பி? பையனுக்கு நல்ல எடமா அமையட்டும்னு நாலு வார்த்தை ஜாஸ்தியா சொன்னேன். பொண்ணு வூட்டுக்காரங்களாண்ட போயி, பல்லிக்கு நடுங்கிக்கினு நிப்பாருன்னா சொல்லுவாங்க?"

"கல்யாணம் இல்லக்கா. புள்ளைங்க முகாமுக்கு விசாரிச்சாங்க."

அக்கா முகம் மாறியது. "அடப்பாவி! அத மொதல்லயே சொல்றதில்ல? புள்ளைங்க விஷயம்னா வேற மாதிரி இல்ல பேசியிருப்பேன்!"

அந்த வார்த்தை என் தூக்கத்தைக் கெடுத்தது. மற்ற வாலண்டியர்களையும் இப்படித்தானே விசாரித்திருப்பார்கள்? அந்தத் தெருக்களில் கஸ்தூரி அக்காக்கள் இல்லையா?

உண்மையைச் சொன்னால் என் இடம் போய்விடும்; நான் இல்லாமல் மகள் மலை ஏறுவாள். சொல்லாவிட்டால்...? மேடத்திடம் சொல்லிவிட்டேன் — பாம்பு பொய், பல்லி நிஜம், ஏழாவது நிஜம். "எல்லாரையும் திரும்ப விசாரிங்க மேடம். எதுக்குன்னு சொல்லிட்டு விசாரிங்க."

"உங்க படிப்பு எங்களுக்கு எதுக்கு சார்? புள்ளைங்ககிட்ட எப்படி நடந்துக்குவீங்க... அதானே வேணும்" என்று சிரித்தார்.

மறுபடி விசாரித்தார்கள். கேட்க வேண்டியதை மட்டும் கேட்டார்கள். காவல் நிலையச் சான்றும் கேட்டார்கள். ஒருவர் சத்தமில்லாமல் பெயரை வாபஸ் வாங்கினார். ஏன் என்று நான் கேட்கவில்லை — அது அவர் பிரைவசி. அவர் பஸ்ஸில் ஏறப்போவதில்லை என்பதுதான் எனக்கு நிம்மதி.

டென்ட் காவல் போய், பிள்ளைகளின் தலையை எண்ணிக்கொண்டே இருக்கிற வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. பயந்தாங்கொள்ளியைவிட இதை யார் ஒழுங்காகச் செய்வார்?

ஒரே சிக்கல். அக்கா விட்ட கதை தெருவைத் தாண்டிப் பக்கத்து ஊரான தியாகதுருகம் வரை போய்விட்டது. ஆகவே அன்பர்களே... வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுங்கள். எனக்கு வேண்டாம்!